அரைத்த கை

நாற்பது வயதைத் தாண்டிய சிநேகிதிகள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் முதலில் குழந்தைகளின் படிப்பைப் பற்றிப் பேசுகிறோம். அப்புறம் மாமியாரின் முழங்கால் வலி. அதற்குள் ஒருத்தி தலையை மற்றவள் பார்த்துவிடுகிறாள். பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் இருக்கிறாள். காப்பி ஆறுவதற்குள் யாராவது ஒருத்திக்குப் பொறுமை போய்விடுகிறது. மெதுவாகக் கேட்கிறாள்: "ஆமாம், நீ தலைக்கு என்ன போடறே?"

இந்தக் கேள்விக்கு மூன்று விதமான பதில்கள் உண்டு. கறுப்புச் சாயம் போடுகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார்கள். ஒன்றுமே போடாதவர்கள் கொஞ்சம் கர்வத்தோடு சொல்வார்கள். மூன்றாவது கட்சிக்காரர்கள் வாய் திறக்கவே வேண்டியதில்லை. வெயிலில் வந்து நின்றால் போதும், காதோரத்தில் செம்புக் கம்பி மாதிரி நாலு இழை மின்னிக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடும். அது மருதாணிக் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

ஆறு வருஷமாக மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பச்சைச் சேற்றைத் தலையில் அப்பிக்கொண்டு, பழைய துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரத்தில் வாசல் மணி அடித்தால் எங்கள் வீட்டில் யாரும் என்னைக் கதவு திறக்க அனுமதிப்பதில்லை. கதை எழுதுகிறவள் இதைப்பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஒரு செடியின் இலை தலையில் பட்டால் மருந்து, கையில் பட்டால் குற்றம் என்று ஒரு வீட்டில் சட்டம் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மருதாணி என்று நாம் சொல்வதைப் பழைய மருத்துவ நூல்கள் மருதோன்றி என்றும் அழவணம் என்றும் சொல்கின்றன. தஞ்சாவூர்ப் பக்கத்தில் கொல்லை வேலிக்கு இதைத்தான் நடுவார்கள். ஆடு சாதாரணமாக வாய் வைக்காது. வெட்ட வெட்டத் துளிர்க்கும். தண்ணீர் ஊற்றாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. சின்னச் சின்னப் பூக்கள் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அந்த வாசனையைச் சிலர் தாங்கமாட்டார்கள். சிலர் பூவை உலர்த்தித் தலையணைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு நன்றாகத் தூங்குவார்கள்.

1753-ல் ஸ்வீடன் தேசத்துத் தாவர அறிஞர் லின்னேயஸ் இதற்கு லாசோனியா இனெர்மிஸ் என்று பெயர் வைத்தார். இனெர்மிஸ் என்றால் முள் இல்லாதது என்று அர்த்தம். வயதான மருதாணிச் செடியில் இலை பறித்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இளஞ்செடிக்கு முள் கிடையாது. வயதாக ஆகக் கிளையின் நுனிகள் காய்ந்து முள்ளைப்போலக் கூர்மையாகிவிடும். அந்த அறிஞருக்கு இளஞ்செடிதான் கிடைத்தது போலிருக்கிறது.

இந்தச் செடி நமக்கு மட்டும் சொந்தமில்லை. எகிப்திலே பழைய மம்மிகளின் தலைமுடியில் மருதாணிச் சாயம் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அரபு நாடுகள் பல சேர்ந்து விண்ணப்பித்து, மருதாணி இடும் வழக்கத்தை 2024-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். ராஜஸ்தானத்தில் பாலி ஜில்லாவில் இருக்கும் சோஜத் என்ற ஊர் மருதாணிக்கே பேர் போனது. 2021-ல் சோஜத் மருதாணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடையில் நாம் வாங்கும் பச்சைப் பொடியில் பெரும்பங்கு அந்தப் பக்கத்துக் காய்ந்த மண்ணில் விளைந்தது.

ஆண்கள் இதில் ஒதுங்கி நிற்பதாகவும் நினைக்க வேண்டாம். நம் ஊர்க் கடைவீதியில் தாடியை மருதாணியால் சிவப்பாக்கிக்கொண்ட முஸ்லிம் பெரியவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். நபிகள் நாயகத்தின் வழக்கத்தை ஒட்டி அவர்கள் அதைச் செய்கிறார்கள். எங்கள் ஊரில் அத்தர் விற்ற ராவுத்தர் ஒருவர் இருந்தார். அவருடைய தாடியின் நிறத்தைப் பார்த்தே எங்கள் தெருப் பெண்கள் அந்த வருஷத்து இலையின் தரத்தைத் தீர்மானிப்பார்கள்!

இனி, இலைக்குள் இருக்கும் சமாசாரம். மருதாணி இலையில் லாசோன் என்ற சாயப்பொருள் இருக்கிறது. உலர்ந்த இலையில் நூற்றில் ஒரு பங்கு இருந்தால் நல்ல சரக்கு. காசித்தும்பைச் செடியிலும் இதே பொருள் உண்டு. இலை முழுசாக இருக்கும்வரை அது வெளியே வருவதில்லை. அரைத்து, எலுமிச்சம்பழச் சாறு போலப் புளிப்பு ஏதாவது சேர்த்துச் சில மணி நேரம் ஊறவிட்டால் மெல்ல வெளிப்படுகிறது. வெளிப்பட்டதும் அது தேடிப் பிடித்துக்கொள்வது கெரட்டின் என்னும் புரதத்தை. நம் தோலின் மேற்புறம், நகம், கேசம் ஆகிய மூன்றிலும் இருப்பது இந்தக் கெரட்டின்தான். அதனால்தான் மூன்றுமே சிவக்கின்றன. சாயத்துக்குக் கையும் தலையும் ஒன்றுதான்.

கறுப்புச் சாயத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தையும் இங்கே சொல்லிவிடலாம். 1907-ல் பிரான்ஸ் தேசத்தில் யூஜின் ஷூலர் என்ற ரசாயன நிபுணர் செயற்கைத் தலைச்சாயம் ஒன்றைத் தயாரித்து அழகு நிலையங்களுக்கு விற்க ஆரம்பித்தார். இன்று கடைகளில் கிடைக்கும் நீடித்த சாயங்கள் பெரும்பாலும் மயிரிழைக்குள்ளே புகுந்து, அங்கேயே ரசாயன மாற்றம் அடைந்து நிறம் ஆகின்றவை. பல சாயங்கள் அங்கே இருக்கும் இயற்கை நிறத்தையும் கொஞ்சம் வெளுத்துவிடும். மருதாணி அப்படி எதையும் வெளுப்பதில்லை. கண்ணாடித் தாளைச் சுற்றுவதுபோல, இருக்கிற நிறத்தின்மேல் தன் சிவப்பை ஏற்றுகிறது, அவ்வளவுதான். கறுப்பு முடியின்மேல் ஏறினால் நிழலில் தெரியாது, வெயிலில் ஒரு பழுப்பு ஒளி அடிக்கும். வெள்ளை முடியின்மேல் ஏறினால் ஆரஞ்சாக, செம்பாகத் தெரியும். ஆகவே மருதாணி போட்டால் நரை கறுத்துவிடும் என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நரையை அது மறைப்பதில்லை. அதன் நிறத்தை மாற்றிக் காட்டுகிறது.

இதோடு இன்னொரு லாபமும் உண்டு. இழையின் மேற்பரப்பில் படிந்துகொள்வதால் முடி கொஞ்சம் தடித்தாற்போல, வலுவாக, பளபளப்பாக இருக்கும். மெல்லிய முடிக்காரர்களுக்கு இது பெரிய சந்தோஷம். ஏற்கெனவே வறண்ட முடி உள்ளவர்களுக்கு மட்டும் இன்னும் வறட்டிவிடும். அவர்கள் கொஞ்சம் தயிரோ, ஊறிய வெந்தயத்தை அரைத்தோ சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனையும் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. மருதாணியை எனக்கு அறிமுகப்படுத்தியவள் என் அத்தை. கெரட்டின் என்ற வார்த்தையை அவள் கேட்டதில்லை. ஆனால் சாயம் எதில் பிடிக்கும், எதனால் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவளுக்கு இருந்தது.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. 1964-ல், அவளுடைய இருபத்தாறாவது வயதில், கணவர் இறந்துபோனார். குழந்தை இல்லை. என் தாத்தா போய் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் பிறந்தபோது அவள் எங்கள் வீட்டில் பதினைந்து வருஷம் கழித்திருந்தாள். சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருந்தது. நெல் அளப்பது, மாடு கறப்பது, ஊறுகாய் போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. நெற்றியில் பொட்டு இல்லை. தலையில் பூ இல்லை. சாயம் போன நிறத்தில் இரண்டு மூன்று புடவைகள். அவளை யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. இன்னது கூடாது என்று சொன்னதும் இல்லை. சொல்லவேண்டிய அவசியம் ஏற்படாமல் அவளே பார்த்துக்கொண்டாள்.

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாளும் தீபாவளிக்கு முதல் நாளும் எங்கள் வீட்டில் மருதாணி. நாங்கள் ஆறு பெண் குழந்தைகள். பெரியவர்கள் நாலு பேர். பத்து ஜோடிக் கைகளுக்கும் அத்தைதான் அரைப்பாள். மத்தியானமே முறத்தை எடுத்துக்கொண்டு கிணற்றங்கரைக்குப் போய் இலையை உருவிக்கொண்டு வருவாள். கொட்டைப்பாக்கு, கொஞ்சம் புளி, அரை மூடி எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் அம்மிக்குப் பக்கத்தில் எடுத்து வைப்பாள். அப்புறம், அரைக்க உட்காருவதற்கு முன்னால், தேங்காயெண்ணெயை எடுத்து இரண்டு கையிலும் மணிக்கட்டுவரை அழுந்தத் தேய்த்துக்கொள்வாள்.

எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தில் மருதாணி பிடிக்காது. அதற்காகத்தான். அரைத்து முடித்த மறு நிமிஷமே சீயக்காய்த் தூளைப் போட்டுத் தேய்த்துக் கையைக் கழுவிவிடுவாள். எங்கள் கைகளுக்கு இடும்போதும் விழுதைக் கரண்டிக் காம்பால்தான் எடுப்பாள். உள்ளங்கையில் ஒரு பெரிய வட்டம், சுற்றிலும் சின்னப் பொட்டுகள், விரல் நுனிக்குத் தொப்பி. பத்து ஜோடிக் கைகளுக்கும் இட்டுவிட்டு, எங்களுக்குச் சோறும் ஊட்டிவிட்டு, வெறும் கையோடு எழுந்து போவாள்.

இருந்தாலும் எத்தனை எண்ணெய் தடவினால் என்ன, குழவியைப் பிடித்து அரை மணி நேரம் அரைத்த கை. நகத்தின் ஓரத்திலும் விரல் இடுக்கிலும் மங்கலாக ஒரு செம்மை நாலைந்து நாள் இருக்கும். பக்கத்து வீட்டு அம்மாள் யாராவது மோர் வாங்க வந்து அவள் கையைப் பார்ப்பார்கள். அவர்கள் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே அத்தை, "அரைச்ச கை" என்று சொல்லிவிடுவாள். வருஷத்துக்கு இரண்டு தடவை இந்த இரண்டு வார்த்தைகளை நான் கேட்டிருக்கிறேன்.

1987-ல், எனக்கு எட்டு வயதில், "நீ ஏன் அத்தை வச்சுக்கலை?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒத்துக்காதுடி. ஜலதோஷம் பிடிச்சுக்கும்" என்றாள்.

மருதாணி குளிர்ச்சி என்பது எல்லோருக்கும் தெரியுமாகையால் அந்தப் பதிலில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து, 1990-ல், அத்தைக்கு ஓயாத கண் எரிச்சல். தலை கொதிக்கிறது என்பாள். பக்கத்து ஊர் நாட்டு வைத்தியரிடம் அப்பா அழைத்துக்கொண்டு போனார். வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, "உஷ்ணம் ஏறிக் கிடக்கு. மாசம் ஒரு தடவை மருதாணி அரைச்சுத் தலைக்கு வச்சுக் குளிக்கணும்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அப்பா இதைப் பாட்டியிடம் சொன்னார். பாட்டி வெற்றிலையை நீவிக்கொண்டே இருந்தாள். நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் கழித்து, "வைத்தியர் சொன்னா மருந்துதானே. செய்யட்டும்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை இலை பறித்து வந்து அம்மியில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டு வந்து வைத்தேன். அவள் அதை எடுக்கவில்லை. வெறும் கையாலேயே அரைத்தாள். வெறும் கையாலேயே வழித்தாள். கரண்டி கேட்கவில்லை. இரண்டு கையாலும் அள்ளி உச்சியில் வைத்து, வகிடு வகிடாகப் பிரித்து, பின்னங்கழுத்துவரை நிதானமாகத் தேய்த்துக்கொண்டாள். பிறகு கிணற்றடிக் கல்லில், இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தாள். கையில் விழுது காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கழுவவேண்டும் என்று அவளும் நினைக்கவில்லை, பாட்டியும் சொல்லவில்லை.

குளித்துவிட்டு வந்தபோது பாதி நரைத்த கேசத்தில் வெள்ளை இழைகள் எல்லாம் இளஞ்செம்பாக ஆகியிருந்தன. எங்கள் கைகள் தீபாவளிக்குச் சிவப்பதைப் போலவே அவள் உள்ளங்கைகள் இரண்டும் சிவந்திருந்தன.

அந்த வருஷம் தை மாசத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தலில் உறவுக்காரி ஒருத்தி அத்தையின் தலையையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதென்ன, இந்த வயசிலே புதுசா?" என்று பாட்டியிடம் இழுத்தாள். பாட்டி குரலை உயர்த்தவில்லை. "மருந்து. சந்தேகம்னா வைத்தியரைப் போய்க் கேளு" என்றாள். அந்த அம்மாள் பேச்சை மாற்றிக்கொண்டு விட்டாள்.

கண் எரிச்சல் இரண்டு மாசத்தில் நின்றுவிட்டது. மருந்து நிற்கவில்லை. 2012-ல் அத்தை கண்ணை மூடும்வரை இருபத்திரண்டு வருஷம் மாசம் தவறாமல் நடந்தது. கடைசியில் தலை முழுவதும் நரைத்து, முழுவதும் மருதாணி நிறமாக இருந்தது. அந்த வைத்தியர் உஷ்ணத்தைத்தான் பார்த்தாரா, அல்லது நாடி பார்க்கக் கையைப் பிடித்தபோது வேறு எதையாவது பார்த்தாரா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பாட்டியைப் பற்றியும் யோசித்திருக்கிறேன். பெற்ற பெண் வெறும் கையோடு எழுந்து போவதை இருபத்தாறு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். மருந்து என்ற ஒரு வார்த்தை கிடைத்ததும் அதை எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்! வழக்கத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேச அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்து ஒரு சந்தைத் திறந்து வைத்தார்கள். அத்தை அதன் வழியாக வந்துவிட்டாள்.

எனக்கு நரைக்க ஆரம்பித்தபோது நான் செய்தது அவளுடைய முறையைத்தான். அது என்னவென்று கேட்கிற சிநேகிதிகளுக்காக இங்கே எழுதிவிடுகிறேன்.

தலையில் எண்ணெய் துளிகூட இருக்கக் கூடாது. முதல் நாளே சீயக்காயோ ஷாம்புவோ தேய்த்துக் குளித்து உலர்த்திவிட வேண்டும். பச்சை இலை கிடைத்தால் உத்தமம், கிடைக்காவிட்டால் பொடி. தோளுக்குக் கீழே இறங்கும் முடிக்கு 100 கிராம் பொடி வேண்டும். வெந்நீரில் தேயிலை போட்டு வடிகட்டி, ஆறவைத்து, அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து, தோசை மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து, மூடி வைக்க வேண்டும். ராத்திரி பிசைந்தால் காலையில் தயார். விழுதின் மேற்புறம் பழுப்பாகியிருந்தால் சாயம் இறங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். இரண்டு நாள் வைத்திருந்தால் வீரியம் போய்விடும். இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் நிறம் சற்றே கறுக்கும் என்று அதற்கென்று ஒரு சட்டி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு.

போட்டுக்கொண்டு இரண்டு மணி முதல் நாலு மணி நேரம் இருக்கலாம். குளிர் உடம்புக்காரர்கள், தும்மல் வருகிறவர்கள், வெயில் நாளாகப் பார்த்துச் செய்வது நல்லது. கழுவும்போது வெறும் தண்ணீர் போதும். அன்றைக்கே சீயக்காய் வேண்டாம். கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்ததும் பயந்துவிடக் கூடாது. முதல் நாள் நரைமுடியெல்லாம் கேரட் நிறத்தில் இருக்கும். காற்றுப் பட்டு இரண்டு மூன்று நாளில் நிறம் அடங்கி ஆழமாகிவிடும். முடி மாசத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளருமாகையால், மாசம் ஒரு தடவை வேர்ப் பக்கத்துக்கு மட்டும் போட்டுக்கொண்டால் போதும்.

சிவப்பு வேண்டாம், கறுப்புத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கும் இலையிலேயே வழி இருக்கிறது. அவுரி. நீலச்சாயம் எடுக்கும் அதே அவுரிதான். திண்டிவனம் வட்டாரத்தில் இன்றும் பயிரிடுகிறார்கள். மருதாணி போட்டுக் கழுவின தலையில், அவுரிப் பொடியை வெறும் தண்ணீரில் கரைத்து, கால் மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். புளிப்புச் சேர்க்கக் கூடாது. சிவப்பின்மேல் நீலம் ஏறிக் கறுப்பாகத் தெரியும். நான் இதைச் செய்வதில்லை. எனக்குச் செம்பு நிறமே பிடித்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கறுப்பு மருதாணி என்று ஒரு சரக்கு விற்கிறார்களே, அப்படி ஒரு செடி உலகத்தில் கிடையாது. மருதாணி இலை கறுப்பாகச் சாயமேற்றாது; பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்ளவும் செய்யாது. சீக்கிரம் பிடிக்கிறது, கறுப்பாக வருகிறது என்றால் அதில் பெரும்பாலும் பாரா ஃபினைலீன் டயமின் என்ற ரசாயனம் கலந்திருக்கும். தலைச்சாயங்களில் அளவோடு சேர்க்கப்படுவது அது. ஐரோப்பிய நாடுகளில், தலையில் தேய்க்கும் சாயத்திலேயே நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம். அதைக் கையில் கோலமாகப் போட்டால் சிலருக்குத் தோல் வெந்து கொப்புளமாகிவிடும். ஒருமுறை அப்படி ஆகிவிட்டால் ஆயுள் முழுவதும் தலைச்சாயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எங்கள் உறவிலே ஒரு பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் இப்படி நேர்ந்து, கொப்புளத்தின்மேல் களிம்பு தடவிக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள்.

ஆகவே பொடி வாங்கும்போது உறையில் மருதாணி இலை என்பதைத் தவிர வேறு பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உலோக உப்புக்கள் கலந்த பொடிகளும் உண்டு. பிறகு எப்போதாவது அழகு நிலையத்தில் முடியை வெளுக்கப் போனால் அவற்றால் முடி பாழாகிவிடும். எதுவானாலும் முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள், இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போகலாம். கைக்குழந்தைகளுக்கு மட்டும் நல்ல மருதாணியும் வேண்டாம். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு நொதி குறைவாக இருக்கும். அவர்களுக்கு மருதாணி இட்டதால் ரத்தச் சிவப்பணுக்கள் அழிந்து ஆபத்தான சம்பவங்களை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்படியெல்லாம் விவரமாகச் சொன்னால், "அப்படியானால் நரையை மறைக்க இது உதவாது என்கிறாய்" என்று சிநேகிதிகள் முகத்தைச் சுளிக்கிறார்கள். உதவாதுதான். வயதை மறைக்க வேண்டுமானால் வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கையிலே மருதாணி இட்டுக்கொள்வது எதையாவது மறைப்பதற்கா? தலைக்கும் அந்த நியாயம் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

என் சித்தி மகள் ஒருத்தி இருக்கிறாள். எங்கள் ஆறு பேரில் அவள்தான் கடைசி. தீபாவளிக்கு மறுநாள் காலையில் யார் கை அதிகம் சிவந்தது என்று பந்தயம் போட்டால் அவள்தான் ஜெயிப்பாள். 2019-ல் அவள் கணவர் தவறிவிட்டார். பாங்கியில் வேலை பார்க்கிறாள், பையனைப் படிக்க வைக்கிறாள், நல்ல நிறத்தில் புடவை கட்டிக்கொள்கிறாள், பொட்டு வைத்துக்கொள்கிறாள். காலம் மாறிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டோம். ஆனால் தீபாவளிக்கு முதல் நாள் மட்டும் ஏதாவது ஒரு வேலையை வைத்துக்கொண்டு சமையலறையிலேயே இருந்துவிடுவாள். அவளை யாரும் கூப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. கூப்பிட்டோம். "எனக்கெதுக்கு, ஆபீசுக்குப் போகணும்" என்பாள். அத்தைக்கு ஜலதோஷம், இவளுக்கு ஆபீஸ்.

போன ஆடி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் எனக்காக ஊறவைத்திருந்ததில் பாதியை அவள் தலைக்குப் போட்டுவிட்டேன். நரை அவளுக்கும் வந்துவிட்டது. தலை முடிந்த பிறகு கிண்ணத்தின் அடியில் ஒரு பிடி விழுது மீந்தது. அதை வழித்துக் கொட்டுவதற்காக எழுந்தவள் எழுந்தபடி நின்றாள். பிறகு உட்கார்ந்து என் பக்கம் இடது கையை நீட்டினாள்.

நான் கரண்டியைத் தேடவில்லை. விரலாலேயே எடுத்து நடுவில் ஒரு வட்டமும் சுற்றிலும் பொட்டுகளும் வைத்தேன். ஐந்து விரலுக்கும் தொப்பி வைக்க விழுது சரியாக இருந்தது. எதற்காக என்று நானும் கேட்கவில்லை, மருந்து என்று அவளும் சொல்லவில்லை. வலது கைக்கு மீதி இல்லையே என்றுதான் இருவருக்கும் குறையாக இருந்தது. சாயங்காலம்வரை காயவிட்டுச் சுரண்டி எடுத்தாள். முதலில் ஆரஞ்சாகத்தான் இருந்தது. மறுநாள் ஆபீசுக்குப் போன இடத்திலிருந்து டெலிபோனில் கூப்பிட்டு, நன்றாகச் சிவந்துவிட்டது என்று சொன்னாள்.